911 இன்ஜின் கேஸின் முகத்தைத் தேய்க்காதீர்கள், ஊறவையுங்கள்

நீங்கள் கேட்டது இது: 1974 மாடல் போர்ஷே 911, 2.7 லிட்டர் இன்ஜின். கேஸை, அதாவது கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் இன்ஜின் உடலை, இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் பழைய சீலன்ட் (கசிவைத் தடுக்கப் பூசும் பசை) சில இடத்தில் பழுப்பாகவும் சில இடத்தில் ஆரஞ்சாகவும் இறுகிக் கிடக்கிறது. கண்ணாடிமணி பிளாஸ்டிங் (பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது) கொடுத்தால் புதுசு போல வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். டிரில்லில் தேய்ப்பு டிஸ்க்கை மாட்டினால் பத்து நிமிட வேலை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

இரண்டும் வேண்டாம். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று தெரிந்தால் மீதி வேலையை நீங்களே சரியாகச் செய்துவிடுவீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரும்பாலான கார் இன்ஜின்களில் பிளாக் ஒரே வார்ப்பு. கிராங்க் ஷாஃப்ட்டைக் கீழேயிருந்து மெயின் கேப்கள் தாங்கும். 911-இன் காற்றுக் குளிர்வு இன்ஜினில் அந்தக் கேப்களே கிடையாது. கேஸ் நெடுக்காக, கிராங்கின் நடு அச்சு வழியாகவே, இடது வலது என்று பிளக்கப்பட்டிருக்கிறது. மெயின் பேரிங் உட்காரும் 62 மில்லிமீட்டர் துளையில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நடுவில் கேஸ்கெட் இல்லை. உலோகமும் உலோகமும் நேராக முட்டுகின்றன, இடையில் இருப்பது மெல்லிய சீலன்ட் படலம் மட்டும்.

இப்போது ஒவ்வொரு முகத்திலும் நூறில் 2 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு அது. ஆனால் இரண்டையும் சேர்த்து இறுக்கும்போது துளை ஒரு திசையில் நூறில் 4 மில்லிமீட்டர் குறுகி முட்டை வடிவமாகிவிடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளியே நூறில் சில மில்லிமீட்டர்தான். ஆக, முகத்தைத் தேய்ப்பதும் பேரிங் துளையைத் தேய்ப்பதும் ஒன்றுதான். கிராங்குக்கும் கேம்களுக்கும் நடுவே ஓடும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும் இதே கதி. அழுக்கு போக வேண்டும், ஆனால் உலோகத்தில் ஒரு துகள்கூடப் போகக் கூடாது. வேலை முழுக்க இந்தக் கணக்குக்குள்தான் நடக்க வேண்டும்.

சரி, அடுத்து கையில் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். 1964-இல் வந்த முதல் 911-களில் கேஸ் அலுமினியம். 1968 மாடலிலிருந்து எடையைக் குறைக்க மெக்னீசியம் கலவைக்கு மாறினார்கள். 1977 மாடல் வரை சாதாரண 911-களில் மெக்னீசியம்தான். 1975-இல் வந்த டர்போவுக்கும், 1978-இலிருந்து எஸ்சி மாடலுக்கும் மறுபடி அலுமினியம். உங்களுடையது 1974 என்பதால் மெக்னீசியமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐம்பது வருஷ வண்டியில் கேஸ் இடையில் மாறியிருக்கலாம், அதனால் வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள். முகத்திலிருந்து தள்ளி, முக்கியமில்லாத ஓர் இடத்தில் லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விடுங்கள். பொங்கிக் குமிழி வந்தால் மெக்னீசியம். அசையாமல் கிடந்தால் அலுமினியம். பார்த்த கையோடு துடைத்து, கழுவி, உலர்த்திவிடுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இரண்டு உலோகத்துக்கும் எதிரி வேறு வேறு. அலுமினியத்தைக் காரம் தின்னும். கடையில் கிடைக்கும் கடுமையான டிகிரீசர்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அலுமினியத்தில் ஊற்றினால் கறுத்துப்போகும், விட்டுவைத்தால் அரிக்கும். மெக்னீசியம் காரத்தைத் தாங்கிக்கொள்ளும், அமிலத்தைத்தான் தாங்காது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, வீல் கிளீனர், ஏன் வினிகரே அதற்கு விஷம். அப்படியானால் மெக்னீசியம் கேஸைக் காஸ்டிக் தொட்டியில் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். எண்ணெய் வழிகளின் வாயில் அடித்திருக்கும் அடைப்பான்கள் அலுமினியம். கேஸ் தப்பிக்கும், அடைப்பான் கரையும்.

மெக்னீசியத்துக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. ஒன்று, இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் வேகமாக அரிக்கும். ஸ்டீல் வயர் பிரஷ்ஷோ ஸ்டீல் உல்லோ போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்துவிடும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் வெள்ளையாகப் பொடி பூக்கும். இரண்டாவது குணம், தீ. கெட்டியான கேஸ் சும்மா பற்றிக்கொள்ளாது. ஆனால் அதன் தூளும் சுருளும் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. 1955-இல் லெ மான்ஸ் பந்தய விபத்தில் மெர்சிடிஸ் காரின் மெக்னீசியக் கலவை உடல் எரிந்தபோது, தண்ணீர் விட விட நெருப்பு பெரிதானது. எந்தத் துளையைத் துளைத்தாலும் தூளை உடனே கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

இனி உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு வழிக்கும் வருகிறேன்.

தேய்ப்பு டிஸ்க்குகளில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருக்கும். உப்புத்தாளில் இருக்கிற அதே சமாச்சாரம். டிஸ்க் தேயத் தேய அந்தத் துகள் நாலாப் பக்கமும் தெறித்து எண்ணெய் வழிக்குள் போகும். இன்ஜினை ஓட்டினால் பேரிங்கின் மென்மையான பூச்சில் புதைந்துகொண்டு கிராங்கை அரைக்க ஆரம்பிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்றே தன் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் அறிவிப்பை அனுப்பி, கேஸ்கெட் முகங்களில் இந்த டிஸ்க்குகளைப் போடாதீர்கள் என்று எச்சரித்தது. இது துகளால் வரும் கெடுதல். வடிவத்துக்கும் கெடுதல் உண்டு. கையால் பிடித்து ஓட்டும் டிஸ்க் ஒரே சீராக அறுக்காது. ஓரத்தை மழுக்கும், நடுவில் குழி போடும், அதிலும் மெக்னீசியம் மிகவும் மென்மையான உலோகம்.

கண்ணாடிமணி பிளாஸ்டிங் பற்றிச் சொல்ல என்னிடம் ஓர் அனுபவமே இருக்கிறது. ஒருமுறை ஒரு 2.4 கேஸ் என் மேசைக்கு வந்தது. வெளியில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிங் செய்து, கழுவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். வெள்ளித் தட்டு மாதிரி இருந்தது. உரிமையாளர் அப்படியே பூட்டிவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெயின் எண்ணெய் வழியின் கடைசி அடைப்பானை எடுத்துவிட்டு, மேசையில் ஒரு கறுப்பு அட்டையை விரித்து, நைலான் பிரஷ்ஷை உள்ளே விட்டு மெல்ல இழுத்தேன். அட்டையில் ஏதோ விழுந்தது. தூசி என்று நினைத்து ஊதினால் அது பறக்கவில்லை, உருண்டது. ரவையைவிடப் பொடியான கண்ணாடி உருண்டைகள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. அடுத்த இரண்டு நாளும் அந்த ஒரு கேஸைக் கழுவுவதிலேயே போயின. ஒவ்வொரு முறையும் இனி வராது என்று நினைப்பேன். கேஸைத் திருப்பிக் கவிழ்த்தால் நாலு மணி விழும். அன்றிலிருந்து, வெளிப்பக்கம் அழகாக வேண்டும் என்று யார் பிளாஸ்டிங் கேட்டாலும், அடைப்பான்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கழுவுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தில் பட்டால் வேறொரு தீங்கும் உண்டு: மணிகள் பரப்பைக் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடும். மெஷின் செய்த முகத்தின் கூர்மை போய்விடும்.

அப்படியென்றால் எப்படித்தான் எடுப்பது? ஊறவைத்து. நேரம் எடுக்கும், ஆனால் கேஸ் அப்படியே இருக்கும்.

முதலில் கேஸின் வெளிப்புற எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயிலோ மினரல் ஸ்பிரிட்டிலோ நைலான் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிசுக்கோடு முகத்தில் கை வைத்தால் அழுக்கை இடம் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு ஒரு பாதியைத் தடித்த மெத்தைத் துணியின் மேல், சேரும் முகம் வானம் பார்க்கப் படுக்கவையுங்கள். பருத்தித் துணியை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, தின்னரிலோ அசிட்டோனிலோ நனைத்து, சீலன்ட் இருக்கும் இடமெல்லாம் ஒட்டினாற்போல வைத்து, மேலே அலுமினியத் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். அரை மணி நேரம் கழித்துத் துணியைத் தூக்கினால் பழைய பழுப்புப் பசை ஊறி வெல்லப்பாகு மாதிரி இளகியிருக்கும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளினால் சுருண்டுகொண்டு வரும். மூங்கிலைச் சப்பையாகச் சீவி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஓரமும் மூலையும் அதற்குத்தான் படியும். வராத இடத்தில் பலம் காட்டாதீர்கள், மறுபடி துணியை வையுங்கள். நான் ஒரு பாதிக்கு மூன்று நான்கு சுற்று போவேன்.

அந்த ஆரஞ்சுப் படலம் வேறு ரகம். பெரும்பாலும் அது காற்று படாத இடத்தில் உலோகத்துக்கு நடுவே இறுகும் வகை சீலன்ட். லாக்டைட் 574 இந்த கேஸ்களுக்கு நிறையப் பேர் போடுவது, நிறமும் ஆரஞ்சுதான். இறுகிய பின் தின்னருக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் மிக மெல்லிசாக இருக்கும், ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் விடாமல் தேய்த்தால் செதில் செதிலாக விடும். கேஸ்கெட் ரிமூவர் ஸ்பிரே வாங்கினால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய சரக்குகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய அறையில் அதைச் சுவாசித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் அதைக் கொண்ட பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கவே தடை போட்டார்கள். குளோரின் கலந்த எந்தக் கரைப்பானும் மெக்னீசியத் தூளோடு சேரக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பிரேக் கிளீனர் வாங்கினாலும் குளோரின் இல்லாத வகையையே வாங்குங்கள். தின்னர், அசிட்டோன் இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. கதவைத் திறந்து வையுங்கள், அருகில் ஹீட்டரோ வெல்டிங்கோ வேண்டாம், நனைந்த துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள்.

ஸ்டீல் பிளேடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். பழகிய கை படுக்கையாகப் பிடித்துச் சீவினால் வேலை ஆகும், உண்மைதான். ஆனால் ஒரே ஒரு முறை முனை குத்தினால் போதும், மெக்னீசியத்தில் கோடு விழுந்துவிடும். அந்தக் கோடு உள்ளிருந்து வெளிவரை ஓடினால் அதுவே எண்ணெய் கசியும் கால்வாய். முதல் கேஸில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

பசை எல்லாம் போன பிறகு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய மெக்கானிக் யாராவது ஸ்குரூடிரைவரைச் செருகிக் கேஸைப் பிளந்திருந்தால் அந்த இடத்தில் குழியும், குழியின் கரையில் மேலெழுந்த பிசிறும் இருக்கும். குழி பெரிய பிரச்சினை இல்லை, சீலன்ட் நிரப்பிக்கொள்ளும். பிசிறுதான் பிரச்சினை, இரண்டு முகமும் முழுசாக முட்ட விடாது. நகத்தால் வருடிப் பார்த்தால் தட்டுப்படும். தட்டையான, பொடிசான ஆயில் ஸ்டோனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்தப் பிசிறின் மேல் மட்டும் இரண்டு மூன்று முறை மிதக்கவிடுங்கள். கல் சுற்றியுள்ள முகத்தில் படுத்துக்கொண்டே போவதால் உயர்ந்த இடத்தை மட்டும் எடுக்கும். நகம் தட்டாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் உலோகத்தை எடுக்க நான் சம்மதிக்கிற ஒரே இடம் இதுதான்.

பேரிங் உட்காரும் பாலங்களின் முகத்தில் சாம்பல் நிறத்தில், அரித்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டு பாதிகளும் நுண்ணளவில் ஒன்றோடொன்று உரசியதன் தழும்பு அது. மெக்னீசியம் கேஸ்களில் சகஜம். 2.7-இல் கூடுதலாகப் பார்க்கலாம், ஏனென்றால் 2 லிட்டருக்கு வந்த கேஸ் வடிவத்திலேயே துளையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்து அந்த அளவை எட்டினார்கள். தழும்பு இருந்தால் மெஷின் ஷாப்புக்கு அனுப்பி, பாதிகளைச் சேர்த்து இறுக்கித் துளையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கெட்டிருந்தால் முகத்தைச் சமன் செய்து துளையை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவார்கள். அனுப்பும்போதே சிலிண்டர் தலைகளை இறுக்கிப் பிடிக்கும் 24 ஹெட் ஸ்டட்களின் மரைகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சூட்டில் மெக்னீசியம் ஸ்டீலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும், ஸ்டட் மரையைப் பிய்த்துக்கொண்டு வருவது 2.7-இன் பேர்போன வியாதி. மரைக்கு ஸ்டீல் இன்சர்ட் (உள்ளே திருகும் ஸ்டீல் மரைக் குழல்) போடுவதானால் இதுதான் சமயம். அந்தத் துளைத் தூளெல்லாம் விழுந்த பிறகு நீங்கள் ஒருமுறை கழுவியே ஆக வேண்டும், இரண்டு தடவை கழுவுவதில் அர்த்தமில்லை.

சிலிண்டர் உட்காரும் ஆறு வட்ட முகங்களுக்கும் இதே ஊறல் வைத்தியம்தான். அங்கேயும் உப்புத்தாள் வேண்டாம். ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் தலைகளையும் ஒரே கேம் ஹவுசிங் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு சிலிண்டர் கொஞ்சம் தாழ்ந்தாலும் ஹவுசிங் முறுக்கிக்கொள்ளும்.

இனி எண்ணெய் வழிகள். பிளாஸ்டிங்கே செய்யாத கேஸிலும் இதை விடக் கூடாது. ஐம்பது வருஷக் கசடு அங்கேதான் படிந்திருக்கும். அடைப்பான்களை எடுக்கும் வேலையை மெஷின் ஷாப்பில் கொடுங்கள். துளைத்து எடுத்துவிட்டு, மரை போட்டுத் திருகும் அடைப்பான்களைப் பொருத்தித் தருவார்கள். பிறகு துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் நைலான் பிரஷ்களை இரண்டு மூன்று அளவில் வாங்கி, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு வழியையும் இரண்டு பக்கமிருந்தும் தேயுங்கள். ஸ்பிரே அடியுங்கள், காற்றடியுங்கள், மறுபடி பிரஷ். வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி இழுத்தால் வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். லேசாகச் சாம்பல் படிந்தாலும் இன்னொரு சுற்று. காற்றடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்த் துளை வழியாக நேராக உங்கள் முகத்தில்தான் அடிக்கும்.

பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்களில் தனிக் கவனம் வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். அதனால் சும்மா ஸ்பிரே அடித்தால் அழுக்கு குண்டுக்குப் பின்னாலேயே தங்கிவிடும். சாதாரணமாக ஓடிய இன்ஜின் என்றால் கம்ப்ரஸர் காற்றை நல்ல அழுத்தத்தில் விட்டு ஆறும் திறக்கின்றனவா என்று பாருங்கள். பேரிங் உடைந்த இன்ஜினோ பிளாஸ்டிங் பட்ட கேஸோ என்றால் ஆறையும் கழற்றிப் புதிது போடுங்கள்.

கடைசிக் கழுவலுக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போடலாமா என்றால், போடலாம். கரைப்பான் எண்ணெயை எடுக்கும், நுண்தூளை அப்படியே விட்டுவிடும். சோப்பு நீர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் மெக்னீசியத்தில் தண்ணீர் நின்றால் அன்றைக்கே வெள்ளை பூக்கும். கழுவியதும் காற்றடித்து, ஸ்டட் துளைகளின் அடியில் தேங்கியதையும் ஊதி வெளியேற்றி, வெயிலிலோ வெதுவெதுப்பான இடத்திலோ உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவி, சுத்தமான பிளாஸ்டிக் உறையில் கட்டிவிடுங்கள். இத்தனையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நடுவில் சாப்பிடப் போகாதீர்கள்.

பூட்டுகிற அன்று அந்த எண்ணெய்ப் படலத்தை முகத்திலிருந்து முழுசாக எடுக்க வேண்டும். நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். புதுக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை வெறும் விரலால் தொடாதீர்கள். சீலன்ட் எண்ணெயின் மேல் பிடிக்காது, நாம் இதுவரை பட்ட பாடெல்லாம் ஒரு விரல் ரேகையில் கசியும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 911 டிரை சம்ப் இன்ஜின். எண்ணெய் கேஸுக்குள் மட்டும் இல்லை. தனி டேங்க், குழாய்கள், தெர்மோஸ்டாட், கூலர் என்று சுற்றி வருகிறது. உங்கள் பழைய பேரிங்குகளில் செம்பு நிறம் தெரிந்தால் அந்தத் துகள் கூலருக்குள்ளும் போயிருக்கும். கூலரின் உட்புறம் குறுகலான தகடுகள், வீட்டில் ஊற்றிக் கழுவினால் போகாது. அல்ட்ராசோனிக்கில் இரு திசையிலும் ஓட்டிக் கழுவித் தருபவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் புதிது வாங்குங்கள். டேங்க்கையும் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய பேரிங்குகளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், துடைத்து, எண் வரிசைப்படி அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கூலரைத் தப்ப வைக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.